இருபத்துமூன்றாம் கல்

ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்தவர்களிடம் குறும்பன் மலையைக் காட்டி இதுதான் மலை என்று சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரகடத்திலிருந்து ஶ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தால், வயலுக்கு நடுவே யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஜல்லிக் குவியல் மாதிரிதான் அது தெரியும். பக்கத்து சீட்டுக்காரரிடம் சில்லறை கேட்டுத் திரும்புவதற்குள் கடந்து போய்விடும். ஆனால் அதன் உச்சியில் ஒரு தடவை ஏறி நின்றவன் அப்படிப் பேசமாட்டான். வடகிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி முழுசாகத் தெரியும். கார்த்திகை மாதம் காற்று ஈரமாக வந்து முகத்தில் அடிக்கும். கீழே பிள்ளைப்பாக்கம் பக்கத்து வயல்கள் அத்தனையும் பச்சை.

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று இந்த மலையை மொட்டையடித்தார்கள். மண் சரிந்து கீழே இருந்த குளங்களெல்லாம் தூர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. காப்புக்காடு என்று காகிதத்தில் எழுதி, சுற்றிலும் நாற்பத்தொரு கல் நட்டு, கல்லுக்கு உள்ளே கால் வைக்காதே என்று ஊருக்குச் சொன்னார்கள். வெட்டியவனே வந்து காவல் உட்கார்ந்தான். மலை அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் காரையும் களாவும் முளைத்தன, அப்புறம் உசிலும் பாலையும் எழுந்தன, அதற்கப்புறம் மயில் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, எங்கிருந்தோ நாலு புள்ளிமானும் வந்து சேர்ந்தன.

அதற்கெல்லாம் ரொம்ப முந்தியே தெற்குச் சரிவில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். உருண்டைப் பாறைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். ஏழு வட்டம். ஊரில் அதைக் 'குறும்பர் வூடு' என்பார்கள். ஒரு தடவை காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து, ஓடை அரித்த இடத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, "இது கோடாலிங்க. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் உக்காந்து செதுக்கினது" என்றார். காட்டு இலாகா வாச்சர் பலராமன் அதை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் தானாகவே அதில் போய் உட்கார்ந்தன.

பலராமன் இந்த மலையை முப்பத்திரண்டு வருஷம் சுற்றி வந்தவர். காலையில் கிளம்பி முதல் கல்லில் ஆரம்பித்து நாற்பத்தொன்றில் முடிப்பார். தை மாதம் வந்தால் எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையில் நம்பர் எழுதுவார். எந்தக் கல் நிழலில் உடும்பு படுக்கும், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் களாப்பழம் இனிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி தாயாரம்மாள் உயிரோடு இருந்தபோது, "எங்கூட இருந்ததவிட அந்தக் கல்லுங்ககூட இருந்ததுதான் ஜாஸ்தி" என்பாள். பொய்யில்லை.

நாற்பது கல் நட்ட இடத்தில் இருந்தன. இருபத்துமூன்றாவது கல் மட்டும் அங்கே இல்லை. அது உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்பது பலராமனின் நம்பிக்கை.

அறுபத்தொன்றாம் வருஷக் கோடையில் நடந்தது அது. பலராமனுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. காக்கிச் சட்டை புதுசு, மீசை அதைவிடப் புதுசு. மழை பொய்த்து இரண்டு வருஷமாகி, ஏரி குளமெல்லாம் வெடித்துக் கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான். தெற்குச் சரிவுச் சுனையில். இருபத்துமூன்றாம் கல் சுனைக்குக் கொஞ்சம் கீழே நட்டிருந்தது. அதாவது சுனை காப்புக்காட்டுக்கு உள்ளே. கல்லைத் தாண்டி ஆடு வந்தால் பிடித்துப் பவுண்டுத் தொழுவத்தில் அடைக்க வேண்டும் என்று அப்போதிருந்த ரேஞ்சர் உத்தரவு போட்டிருந்தார்.

தினமும் கல்லைத் தாண்டி வந்தவள் கிளியம்மாள். புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முன்னால் பதினோரு ஆடு. பலராமன் மூன்று தடவை ஆடுகளைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்தார். மூன்று தடவையும் அவள் ஒரு ஆட்டை விற்றுத் தண்டம் கட்டி மீதியை மீட்டுக்கொண்டு வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. நாலாவது தடவை வந்து கல்லுக்கு வெளியே சரியாக நின்றாள். மீதியிருந்த எட்டு ஆடும் கழுத்தை நீட்டிச் சுனைப் பக்கம் பார்த்துக் கத்தின.

"உள்ள வந்தா புடிச்சிடுவேன்" என்றார் பலராமன்.

"நான் இன்னா உள்ளியா வந்தேன்? கல்லுக்கு இந்தாண்டதான் நின்னுகினுகீறேன். ஆடு கத்தறதுக்கும் கேசு கீதா?"

அன்று சாயங்காலம் வரை அவள் அங்கேயே நின்றாள். தண்ணீர் இருபதடியில் இருந்தது. ஒரு குட்டி காலை மடக்கி விழுந்தது. அவள் கல்லைத் தாண்டவில்லை. பலராமனுக்குத் தன் சட்டையின் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கடப்பாரையும் கயிறுமாக வந்து அந்தக் கல்லைப் பிடுங்கினார். நெம்பி நெம்பி, உருட்டி உருட்டி, சுனைக்கும் மேலே, ஏழு வட்டங்களுக்கும் மேலே கொண்டுபோய் நட்டார். பிடுங்கிய குழியில் கறுப்பாகக் கரித்துண்டுகள் கிடந்தன. யாரோ எப்போதோ கஞ்சி காய்ச்சியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். குழியை மூட வேண்டும் என்று தோன்றுவதற்குள் இடுப்பில் ஏதோ சுளீரென்று பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே இறங்கிப் போய் ஒரு வாரம் படுத்துவிட்டார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். எழுந்து வந்து பார்த்தபோது இடையில் ஒரு கோடை மழை பெய்திருந்தது, குழி கண்ணில் படவில்லை. மழை மண்ணைத் தள்ளி மூடியிருக்கும், நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டார்.

கிளியம்மாளின் ஆடுகள் அதன் பிறகு தினமும் சுனையில் தண்ணீர் குடித்தன. கல் எப்படி மேலே போனது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தச் சுனையோரத்தில் அவர்கள் பேசியதெல்லாம் மழையைப் பற்றி, ஆட்டுக்கு வந்த சீக்கைப் பற்றி. கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாளோ என்னவோ. வேறு ஜாதி, கைம்பெண் வேறு. ஊர் என்ன சொல்லும் என்று பயந்துதான் பலராமன் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. அடுத்த தையில் தாயாரம்மாளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்.

இடுப்பு வலி மட்டும் கூடவே தங்கிவிட்டது. மழை பிடித்தால் போதும், நொண்ட ஆரம்பித்துவிடுவார். அப்படி நொண்டத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் ரேஷன் கடைக்காரரிடம் ஒரு கட்டு நொச்சித் தழை வந்து காத்திருக்கும். கிளியம்மாள் கொடுத்தனுப்பியது. வெந்நீரில் போட்டு ஒத்தடம் கொடுத்தால் வலி விட்டுப்போகும். வருஷம் தவறாமல் வந்தது. இந்த வருஷமும் போன வாரம் வந்தது.

இந்த வருஷம் தொண்ணூற்றொன்று. மே மாதத்துக்குப் பிறகு, ஶ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். மறைமலை நகரில் கம்பெனிகள் வந்தாயிற்று, இனி இந்தப் பக்கமும் வரும், ரோடு அகலமாகும் என்று டீக்கடையில் பேச்சாகக் கிடந்தது. ரோட்டுக்கு ஜல்லி வேண்டும். ஜல்லிக்கு மலை வேண்டும். ஒரு குவாரிக்காரர் குறும்பன் மலையின் தெற்குச் சரிவைக் கேட்டு மனு போட்டிருந்தார். இருபத்துமூன்றாம் கல்லுக்குக் கீழே உள்ளதெல்லாம் புறம்போக்குத்தானே, காட்டு இலாகாவுக்கு அதில் என்ன வேலை என்பது அவர் கேள்வி. அந்தப் பக்கத்து அளவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் செல் அரித்துப் பொடியாக இருந்தது. நிலத்தில் கல் எங்கே இருக்கிறதோ அதுதான் எல்லை என்று முடிவானது.

கல் இருக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் சுனையும் வெளியே, ஏழு வட்டமும் வெளியே. வேட்டு வைத்தால் ஒரு மாதத்தில் எல்லாம் ஜல்லி.

பலராமனுக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். மறைமலை நகரில் ஷிப்டு பார்க்கும் மருமகன், "மாமா, கடைசி நேரத்துல எதுலயும் தலைய குடுக்காதீங்க" என்று போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போனான். எல்லைக் கல்லை வாச்சரே பெயர்த்தார் என்று தெரிந்தால் வேலை போகும், பென்ஷன் போகும், கோர்ட்டுக்கும் இழுப்பார்கள். சத்தம் போடாமல் கல்லைப் பழையபடி கீழே கொண்டுவந்துவிடலாமா என்று ஒருநாள் போய்ப் பார்த்தார். அதன் தலையில் சர்வே ஆட்கள் ஏற்கெனவே சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். சும்மா ஒரு கை வைத்து அசைத்துப் பார்த்தார். கல் அசையவில்லை, இடுப்புதான் அசைந்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள். இளம் வயது ரேஞ்சர். ரெவின்யூவிலிருந்து சர்வேயர் இராமச்சந்திரன், சங்கிலி பிடிக்க நாலு ஆட்கள். குவாரிக்காரர் சார்பில் வசந்தகுமார் என்ற பையன், மோட்டார் சைக்கிளில், எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு. நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சர்வேயர் இருபத்துமூன்றாம் கல்லருகே கருவியை வைத்துக் குறிப்பெடுக்கப் போனார். பலராமன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இந்தக் கல்லு இங்க நட்டது இல்ல. கீழ இருந்தது. நான்தான் பிடுங்கி இங்க வெச்சேன்."

ரேஞ்சர் அவரை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "என்ன பேசறீங்க பலராமன்? இதை நான் எழுதினா சஸ்பென்ஷன் ஆர்டர்தான் வரும். தெரியுமா?"

"தெரியும்யா."

"எதுக்கு பண்ணினீங்க?"

பலராமன் கீழே சுனைப் பக்கம் பார்த்தார்.

சர்வேயர் இராமச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வாயால சொன்னா நான் எப்படிப் பெரியவரே எழுதறது? அத்தாட்சி வேணும்."

"கீது சார். கல்லு நடறப்ப அடியில கரி போட்டுத்தானே நடுவாங்க. நான் கல்லத்தான் எடுத்தேன். கரி அங்கயே கீது."

இதைப் பலராமன் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். எழுபத்துநாலில் வேறொரு கல் வெள்ளத்தில் போனபோது, சர்வே ஆட்கள் தோண்டிக் கரியைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே புதுக் கல்லை நட்டார்கள். மரம் மக்கும், மண் நகரும், கரி மட்டும் அப்படியே இருக்கும் என்று அன்றைக்கு ஒரு சர்வேயர் சொன்னார். கஞ்சி காய்ச்சிய அடுப்பு என்று தான் நினைத்தது எது என்று அப்போதுதான் பலராமனுக்குப் புரிந்தது.

எல்லாரும் சுனைக்கு இறங்கினார்கள். பலராமனுக்கு இடம் கண்ணை மூடினாலும் தெரியும் என்று நினைப்பு. கண்ணைத் திறந்து பார்த்தபோது தெரியவில்லை. முப்பது வருஷத்தில் சரிவு இரண்டு தடவை இறங்கியிருந்தது. அடையாளப் பாறை உருண்டு போயிருந்தது. சுனையே பத்தடி தள்ளி ஊறிக்கொண்டிருந்தது. மீதி இடத்தை வேலிகாத்தான் முள் பிடித்திருந்தது. தினமும் சுற்றி வந்தவர்தான், ஆனால் இந்த ஒரு இடத்தை மட்டும் நேராகப் பார்க்காமல் தாண்டிப் போய்ப் பழகியிருந்தார்.

சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு நொச்சிப் புதரில் மாட்டிவிட்டுத் தோண்டினார். ஒன்றுமில்லை. நாலு அடி தள்ளித் தோண்டினார். செம்மண்ணும் சரளையும்தான் வந்தன. மூன்றாவது குழியில் ஒரு பழைய பானை ஓடு வந்தது. இடுப்பு பிடித்துக்கொள்ள, கடப்பாரையை ஊன்றி நின்றார்.

"விடுங்க சார், பெரியவருக்கு வயசாயிடுச்சு. ஏதோ ஞாபகத்துல சொல்றாரு" என்றான் வசந்தகுமார், மரியாதையாகத்தான்.

"அவர் ஒண்ணும் சொல்லலைன்னே வெச்சுக்குவோம்" என்றார் ரேஞ்சர். அவருக்கு உள்ளூர நிம்மதி. சர்வேயர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஆடுகள் வந்தன. தினமும் அந்த நேரத்துக்குத் தண்ணீருக்கு வருபவை. பின்னால் கையில் தொரட்டிக் கோலோடு கிளியம்மாள். தலை முழுக்க நரைத்திருந்தது, நடை மட்டும் மாறவில்லை. மூன்று குழியையும் பார்த்தாள். சட்டையில்லாமல் மண்ணோடு நிற்கும் பலராமனைப் பார்த்தாள்.

"இன்னா வாச்சரே தேடறே?"

பலராமன் தலையைக் குனிந்துகொண்டார். ரேஞ்சர்தான் பதில் சொன்னார். "பழைய கல்லு இருந்த இடம்மா. அது கெடைச்சா சுனை காட்டுக்குள்ள. கெடைக்கலைன்னா குவாரிக்கு."

ஆடுகள் அவளைத் தாண்டிப் போய்ச் சுனையில் வாய் வைத்தன. கிளியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தொரட்டிக் கோலை நீட்டினாள்.

"அங்க இல்ல. சட்ட மாட்டிகினு கீது பாரு, அதுக்குக் கீழ தோண்டு."

எல்லாரும் நொச்சிப் புதரைப் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் சர்வேயர்.

"அந்தக் குழிய மூடினது நானு. இவுரு கல்ல உருட்டிக்கினு போனத தோ அந்தப் பாறைக்குப் பின்னால நின்னு பாத்துக்கினு இருந்தேன். குழிய அப்பிடியே போட்டுட்டு, இடுப்பப் புடிச்சிக்கினு நொண்டிக்கினே போனாரு. அடுத்த நாளு ரேஞ்சரு வர்றதா சொன்னாங்க. பாத்தா வேல போயிடும்ல? மண்ணத் தள்ளி மூடினேன். மூடினது தெரியக் கூடாதுன்னு ஒரு செடி நட்டேன். என் ஆடு வாய் வெக்காத செடியாப் பாத்து நட்டேன்."

முப்பது மழைக்காலம் பலராமன் இடுப்பில் ஒத்தடம் வைத்த தழை இந்தப் புதரிலிருந்து வந்தது. தன் ரகசியம் என்று அவர் பொத்திப் பொத்திக் காத்ததை அவள் வருஷா வருஷம் கட்டுக் கட்டாகப் பறித்து அவருக்கே அனுப்பியிருக்கிறாள். இது தெரியாமல் ஒரு ஆயுசையே கழித்துவிட்டோமே என்று நினைத்தார். கண் நிறைந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆட்கள் புதரை வேரோடு சாய்த்தார்கள். ஈர மண்ணும் நொச்சி வாசனையும் எழுந்தன. முழங்கை ஆழத்தில், வேர்களுக்கு நடுவே, கறுப்பாகக் கரி. சர்வேயர் ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். காகிதத்தில் கோடு கிழித்துப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். வசந்தகுமார் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினான்.

"கல்லை நகர்த்தினது யாருன்னு நான் எழுதித்தான் ஆகணும் பலராமன்" என்றார் ரேஞ்சர். அவர் குரல் இறங்கியிருந்தது.

"எழுதுங்கய்யா."

"மூடினது நானு. அத்தையும் எழுதிக்கோ" என்றாள் கிளியம்மாள். ரேஞ்சர் அதை எழுதவில்லை.

மேலேயிருந்து இருபத்துமூன்றாம் கல்லை நாலு பேர் தூக்கி, இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக் கொண்டுவந்தார்கள். "இத்த நீ ஒரே ஆளா ஏத்துனியா நைனா?" என்று ஒருவன் வாயைப் பிளந்தான். கரி மேலேயே கல்லை இறக்கி, மண் போட்டு மிதித்தார்கள். எல்லை பழைய இடத்துக்கு வந்தது. சுனை உள்ளே வந்தது, ஏழு வட்டமும் உள்ளே வந்தன.

கிளியம்மாளின் ஆடுகளும் உள்ளேதான் நின்றன. சுனையோரம் மேய்ந்துவிட்டு மறுபடியும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ரேஞ்சர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறே?" என்றாள் கிளியம்மாள். "கல்லு வந்துடுச்சி இல்ல? ஆடு உள்ள கீது. நீதானே வாச்சரு? ஓட்டு."

பலராமனால் கையைத் தூக்க முடியவில்லை. "கோடையில தண்ணிக்கு எங்க போவே கிளியம்மா?"

"ரெண்டு மைலு நடந்தா ஏரி கீது. காலு கீது." சுனையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "வேட்டு வெச்சா இது யாருக்கும் இருக்காது. எனக்கு இல்லன்னாலும் பரவால்ல, இருக்கட்டும்."

நாக்கைச் சொடுக்கினாள். ஆடுகள் வாயில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பின. ஒவ்வொன்றாகக் கல்லைத் தாண்டி வெளியே போயின. அவளும் தாண்டினாள். வெளியே கிடந்த நொச்சிப் புதரிலிருந்து விரல் பருமனில் ஒரு குச்சியை ஒடித்து, இலையை உருவிவிட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம்.

"இந்தா. உன் வூட்டாண்ட கெணத்தோரமா நட்டுக்கோ. மழைக்கு இடுப்பு நோவும். இந்தச் செடி போயிடுச்சி. இனிமே நான் உள்ள வந்து வேற பறிச்சா நீதான் எம்மேல கேசு போடணும்."

பலராமன் கல்வரை நடந்து வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து அவர் நேராக வாங்கியது அதுதான் முதல் தடவை.